ஏரி எந்திரிச்ச வருசம்

ஏரி எந்திரிச்சு நின்ன வருசத்துலதான் எங்க துறையில கூரை நல்லா இருந்த வீட்டுக்காரங்களும் குடை வாங்குனாங்க. அது வரைக்கும் என் கடையில வருசத்துக்கு மூணு குடை வித்தாப் பெரிசு. அந்த வருசம் தலைக்கு மேல தினம் நாலு மணி நேரம் ஒரு ஏரியே நின்னு சொட்டுச் சொட்டா ஒழுகுனதுல, குடை வாங்காத ஆளு இல்ல, மாட்டுக்கு வாங்குனவனும் உண்டு.

அது சின்ன ஏரின்னு நெனச்சுக்காதே. எங்க வீட்டுக்காரரு தூத்துக்குடியில லாஞ்சு எஞ்சின் பாத்தவரு, கடல் பாத்த மனுசன், அவரே பொழப்புக்குக் கண்டம் தாண்டி வந்து இந்தக் கரையில மொத நாளு நின்னு, ஒரு கை தண்ணிய அள்ளி வாயில விட்டு, உப்புக் கரிக்கலைன்ன பொறவுதான் ஏரின்னு நம்புனாரு. மூணு நாடு சுத்தி உக்காந்து தண்ணி குடிக்குது. எங்க கரை ஜனம் அதை லோல்வேன்னு சொல்லும், அக்கரை ஜனம் நாலுபாலேன்னு சொல்லும், தெக்க இருக்கவங்க ஞான்சான்னு சொல்லுவாங்க. வெள்ளக்காரன் வந்து இம்புட்டுப் பேரு இருக்கது போதாதுன்னு தன் ராணி விக்டோரியா பேரையும் வச்சிட்டுப் போனான், அந்த அம்மா ஒரு நாளாவது வந்து கால் நனச்சதா நான் கேள்விப்படல. மொத மொதல்ல இதுல விட்ட நீராவிக் கப்பலக்கூட சீமையில செஞ்சு, துண்டு துண்டாக் கழட்டி, கடலோரத்துல இருந்து காடு மேடெல்லாம் ஆளுங்க தலையில வச்சுத் தூக்கியாந்து சேத்தாங்களாம். பாதித் துண்டு வழியிலயே கெடந்து, வருசக்கணக்கா வந்து சேந்துச்சாம். எங்க வீட்டுக்காரரு ஒரு போல்ட்டு தொலஞ்சா அன்னைக்குச் சாப்பிட மாட்டாரு, அந்தக் கதைய அவருகிட்ட யாராவது சொன்னாத் தலையில கை வச்சு உக்காந்துருவாரு.

நான் எங்க விட்டேன்? ஆமா, எந்திரிச்சது.

நல்ல உச்சி வெயிலு. கோழி கூட நெழலு தேடி ஒதுங்குத நேரம். காயப்போட்ட சேலைய ஒருத்தி நுனியப் புடிச்சுத் தூக்குத மாதிரி, கரையோரத்துத் தண்ணி மெதுவா எழும்பி, கூடவே உள்ளாற இருந்த தண்ணியும் எழும்பி, கண்ணுக்கெட்டுன தூரம் மட்டும் அப்படியே ரெண்டு பனை ஒசரத்துக்குப் போயி நின்னுக்கிட்டு. மேல போன படகு மேலேயே போச்சு, வலை போட்டவன் வலை போட்டபடியே இருந்தான், அவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. கீழ நின்னு அண்ணாந்து பாத்தா பச்சை வெளிச்சம், மீனோட வெள்ளை வயிறு, படகோட அடி. மாடு வீடு திரும்புத நேரத்துக்கு, போன மாதிரியே சத்தங்காட்டாம எறங்கி வந்து படுத்துக்கிட்டு. மறுநாளும் அப்படி. அதுக்கு மறுநாளும் அப்படி.

மொதல்ல உள்ளே போனது மாடுதான். ஏரிக்கு அடியில புல்லு மொளச்சிருந்துச்சு. எப்படின்னு கேட்டா, பள்ளிக்கூட வாத்தியாரு சொன்னாரு, பதினஞ்சாயிரம் வருசத்துக்கு முந்தி இந்த ஏரி ஒட்டுமொத்தமா வத்திப்போயி புல்லுக்காடாத்தான் கெடந்துச்சாம். அதுக்கும் முந்தி ஏரியே கெடையாதாம், ஆறுங்க கெழக்க இருந்து மேக்க பாத்து ஓடிச்சாம், மேக்க நெலம் மேடு தட்டுனதும் ஆறெல்லாம் வந்த வழியே திரும்பி வந்து இங்கன தேங்கிப்போச்சாம்.

"அப்ப இது மொத தடவை இல்ல, எந்திரிச்சுப் பழக்கம் உண்டுன்னு சொல்லுங்க"ன்னா மீன் சுடுத பொம்பளை ஒருத்தி.

"பழக்கம் உண்டு"ன்னாரு வாத்தியாரு.

அத்தோட சரி. அதுக்கு மேல யாரும் ஏன் எதுக்குன்னு கேக்கல. கேக்க எங்க நேரம்? உள்ளே அம்புட்டு வேலை கெடந்துச்சு. அந்து போன வலைய எடுக்கப் போனவங்க, விறகு எடுக்கப் போனவங்க, சும்மா நெழலுக்குப் போயி படுத்தவங்க. பாதிரியாரு ஞாயித்துக்கெழம பூசைய உள்ளே வச்சாரு, கூட்டம் கோயில்ல வாரதவிட ரெட்டிப்பா வந்துச்சு. பொம்பளைங்க அண்ணாந்து பாத்துப் படகோட அடியக் கேலி பண்ணுவாங்க. "ஒபுராவோட படகப் பாரு, ஒட்டுப் போட்ட பாவாடை மாதிரி"ன்னு ஒருத்தி. "என் வீட்டுக்காரரு நடு ஏரிக்குப் போறேன்னுட்டுப் போனாரு, படகு ஏன் அந்த விதவை வீட்டுக்கு நேரா நிக்குது"ன்னு இன்னொருத்தி. அன்னைக்கு அவ வீட்டுல சட்டி ஒடஞ்சது எங்க கடை வரைக்கும் கேட்டுச்சு.

மூணு நாட்டு ஆபீசருங்களும் வந்து அவங்கவங்க எல்லைக்குக் கயிறு கட்டுனாங்க. மாடு கயித்த அத்துட்டு மேயப் போச்சு. அக்கரை ஆபீசரு ஒருத்தரு கோவமா, "உங்க மாடு எங்க நாட்டுல சாணி போடுது"ன்னாரு. எங்க ஆளு, "உங்க நாட்டுல போட்டது உங்களுக்குத்தான் ஐயா, தாராளமா எடுத்துக்கோங்க"ன்னான். பொறவு அவங்களும் கயித்தச் சுருட்டி வச்சிட்டு ஒண்ணா உக்காந்து டீ குடிக்க ஆரம்பிச்சாங்க.

இப்பிடி எல்லாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டு உள்ளே போயி வந்த நாள்ல, கரையிலயே நின்னு பாத்துக்கிட்டு, ஒரு அடி உள்ளே வைக்காம இருந்தவங்க ரெண்டு பேரு. ஒருத்தி அபோண்டி. இன்னொருத்தி தோர்சிலா.

அபோண்டிக்கு முப்பது வயசு இருக்கும், ரெண்டு பிள்ளைக. அவ புருசன் ஒகோலா மூணு வருசத்துக்கு முந்தி மீனுக்குப் போயி வரல. தோர்சிலா பக்கத்துத் துறைக் கெழவி. அவ மூத்த மவன் வசோங்கா, கல்யாணம் ஆகாத பையன், ஒகோலா கூட அதே படகுல போனவன். காத்து அடிச்சுச்சு, படகு திரும்பல, ரெண்டு பேரும் திரும்பல. எங்க ஏரி காத்து கடல் காத்தவிட மோசம், கடல் முன்கூட்டிச் சொல்லும், இது சொல்லாது.

இந்தக் கரை ஜனங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. தண்ணியில போனவன் ஒடம்பு கெடைக்கலைன்னா வெறுங்குழி தோண்டக் கூடாது. நம்ம ஊருப் பார்க்குல மரச்சொரக்கான்னு ஒண்ணு கயித்துல கட்டுன மாதிரித் தொங்குமே, அந்த மரம் இங்க காட்டுல நெறைய. அதுக்கு யாகோன்னு பேரு. அந்தப் பழத்துல ஒண்ண வெட்டியாந்து, குளிப்பாட்டி, துணி சுத்தி, செத்தவன் பேரச் சொல்லிக் கூப்பிட்டு, மாடடிச்சு, தலைய மழிச்சு, முறையா அழுது, வீட்டு முத்தத்துல பொதைப்பாங்க. அதுக்குப் பொறவு அது பழம் இல்ல, அது அவன்தான். ஒகோலாவுக்கு அப்படித்தான் செஞ்சாங்க. நானும் போயிருந்தேன். அழுகை வராதுன்னு நெனச்சுப் போனவ, அந்தப் பொட்டலத்தப் பாத்ததும் அழுதேன், ஒரு பிள்ளை நீளத்துக்கு இருந்துச்சு.

தோர்சிலா செய்யல. "பழத்தப் பெத்தேனா நான்? என் மவன் அக்கரையில எங்கயோ கரை சேந்திருக்கான், வருவான்"ன்னு சொல்லிட்டா. தினம் அவன் பங்குக் களிய ஒரு தட்டுல எடுத்து மூடி வைப்பா. அவளுக்கு எளைய மவன் ஒருத்தன், அவனுக்குப் பொண்ணு பாத்து ரெண்டு வருசமாச்சு. மூத்தவனுக்குக் கல்யாணமோ கருமாதியோ முடியாம எளையவன் வீடு கட்டிப் பொண்டாட்டி கூட்டியாரக் கூடாது, அது அவங்க முறை. அவன் ஆத்தாகிட்டக் கெஞ்சியும் பாத்தான், சண்டையும் போட்டான். கெழவி அசையல.

ஏரி எந்திரிச்ச மூணாம் மாசம் மீன் சுடுத பொம்பளை, விறகுக்குச் சைக்கிள்ல ரொம்பத் தூரம் உள்ளே போனவ, என் கடைக்கு வந்தப்ப அபோண்டி உப்பு வாங்கிட்டு நின்னா. "யம்மா, கருப்புப் பாறை தாண்டி ஒரு நீலப் படகு கவுந்து கெடக்கு, ஓரத்துல 'பொறாமப்படாத'ன்னு எழுதியிருக்கு"ன்னா அவ. அபோண்டி கையில இருந்த உப்ப அப்படியே என் தராசுலயே திரும்பக் கொட்டிட்டா. அது ஒகோலா படகு. அந்த எழுத்த எழுதுனதே அபோண்டிதான், துணிக் கடைக்காரி ஒருத்தி மேல இருந்த கோவத்துல.

அவ நேரா பெரியவரு ரண்டிகா கிட்டப் போனா. ரெண்டு துறைக்கும் மூத்தவரு, ஒகோலாவுக்குப் பெரியப்பா. மீன் எடை போடுத கொட்டகையில நாலு பெரியவங்களோட உக்காந்திருந்தாரு.

"மாமா, படகு கெடச்சிருக்கு. அவரு உள்ளே இருந்தாருன்னா நான் வீட்டுக்குக் கொண்டாரணும். குழியத் தெறந்து குடுங்க."

ரண்டிகா கொடூரக்காரரு இல்ல, அத மொதல்லயே சொல்லிருதேன். என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தப்ப ரெண்டு மைல் நடந்து பாலு கொண்டாந்த மனுசன்.

"யாரக் கொண்டாரப் போற?"

"ஒகோலாவ."

"ஒகோலா உன் முத்தத்துல இருக்கான் தாயி. நீதான அழுத."

"நான் பழத்துக்கு அழுதேன்."

"அப்படிச் சொல்லாத. பேரு சொல்லிக் கூப்பிட்டோம், மண்ணு போட்டோம். மண்ணு அவனை வாங்கிக்கிட்டு. ஒரே பேர ரெண்டு தடவ மண்ணுக்குக் குடுத்தா, ரெண்டாவது ஆளு யாருன்னு அது தேடும். அந்த வீட்டுக்குள்ளதான் தேடும். வீட்டுல யாரு இருக்கா? உன் ரெண்டு பிள்ளைக இருக்கு."



"அப்ப அவரு அங்கனயே கெடக்கட்டுமா?"

"ஒகோலாவா இருந்தா அங்கனயே விட்டுரு. வசோங்காவா இருந்தா கொண்டா, அவனுக்கு இன்னும் மண்ணு கெடைக்கல, அவன் ஆத்தா வீட்டுல சேக்கணும்."

அவ அங்கருந்து கெளம்பி வந்துட்டா. என் கடை வாசல்ல உக்காந்து, ஏரியவே பாத்துக்கிட்டு, "அக்கா, என் வீட்டு முத்தத்த நான் தினம் கூட்டுதேன், அந்தக் குழிமேல சருகு விழுந்தாப் பொறுக்குதேன், ஒரு நாளும் அவருகிட்டப் பேசணும்னு வாய் வரல. அவரு அங்க இல்ல. குளுந்த தண்ணிக்குள்ள கெடக்காரு. குளுரு தாங்காத மனுசன்"ன்னா. டீ போட்டுக் குடுத்தேன். ஆறிப்போச்சு.

இதுக்கெடையில ஏரி தாழ ஆரம்பிச்சுச்சு. தினம் எந்திரிக்கத்தான் செஞ்சுது, ஆனா ரெண்டு பனை ஒசரம் ஒரு பனை ஒசரமாச்சு, பொறவு வீட்டு ஒசரமாச்சு. ஒசரமானவங்க குனிஞ்சு போனாங்க. வயசானவங்க சொன்னாங்க, இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வாரதுக்கு முந்தி ஒரு மழை பெஞ்சு இதே ஏரி ஆள் ஒசரம் ஏறுச்சு, கரையோரத்து வீடெல்லாம் உள்ளே போச்சு, ஏறுத ஏரிக்கு எறங்கவும் தெரியும்னு. பாதிரியாரு பூசையத் திரும்பக் கோயிலுக்கே கொண்டு போயிட்டாரு. ஆபீசருங்க நாற்காலிய எடுத்துட்டுப் போனாங்க. இன்னும் நாலஞ்சு நாளு, அதுக்கு மேல தாங்காதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

அபோண்டி மீன் ஏத்துத சைக்கிள் ஒண்ண எரவல் வாங்குனா. தண்ணி எழும்புனதும் எழும்பாததுமா உள்ளே மிதிச்சா. கூட வாரேன்னு ரெண்டு பேரு சொன்னாங்க, வேண்டாம்னுட்டா. கருப்புப் பாறை வரைக்கும் போக ஒண்ணே முக்கால் மணி நேரம், வர ஒண்ணே முக்கால், நடுவுல அரை மணிதான் இருக்கு. பழைய ஆறு ஓடுன தடத்துலயே போனாளாம், அங்க மண்ணு கெட்டியா இருந்துச்சாம். ரெண்டு பக்கமும் புல்லு, நடுவுல ஆறு போன வழி, தலைக்கு மேல மீனு. பெரிய மீனா ஒண்ணு, ம்பூட்டான்னு சொல்லுவாங்க, வெள்ளக்காரன் காலத்துல வெளியூர்ல இருந்து கொண்டாந்து விட்டது, வந்து இங்க இருந்த சின்ன மீனையெல்லாம் தின்னு தீத்துச்சே அது, அவ கூடவே ரொம்ப தூரம் மேல நீந்தி வந்துச்சாம். அவ பயந்துக்கல. அவ மனசுல வேற பயம்.

படகு கவுந்து கெடந்துச்சு. ஒத்தையாளாப் பெரட்டுனா. படகுப் பாயிக்கு அடியில ஒரே ஒரு ஆளு இருந்தாரு. ஒரு ஆளுதான். துணி இல்ல, மோதிரம் இல்ல, எலும்புதான். இன்னொருத்தன் எங்க போனான்னு அந்தத் தண்ணிக்குத்தான் தெரியும்.

அவ மொதல்ல காலத்தான் பாத்தா. எடது முழங்காலுக்குக் கீழ எலும்புல கரும்புக் கணு மாதிரி ஒரு முடிச்சு. கல்யாணமான வருசம் படகக் கரையேத்தையில உருளைக்கட்டை ஏறி ஒகோலா கால் ஒடஞ்சது. ஆறு மாசம் அவதான் எண்ணெ போட்டு நீவி விட்டா. அந்த முடிச்ச அவ கைக்குத் தெரியும். அங்கனயே உக்காந்து அவரு பேரச் சொல்லி அழுதா, யாரும் கேக்காத எடத்துல, தண்ணிக்கு அடியில, மூணு வருசத்து அழுகைய அரை மணி நேரத்துல அழுதா. இதெல்லாம் அவ எனக்குப் பின்னால சொன்னது.

அழுது முடிச்சு, படகுப் பாயில சுத்தி, சைக்கிள் கேரியர்ல கட்டுனா. வார வழியில ஏரி எறங்கிக்கிட்டே வந்துச்சு. கடைசி ஒரு மைலு ஏறி மிதிக்க முடியல, தள்ளிக்கிட்டுக் குனிஞ்சு வந்தா. தலைமுடி தண்ணியில ஒரசுச்சு, சின்ன மீனுங்க முடியக் கொத்துச்சு. நாங்க கரையில நின்னு கூப்பாடு போடுதோம். அவ வெளியே வந்து மூணு எட்டு வைக்கல, பின்னால ஏரி படுத்துக்கிட்டு.

ரண்டிகா கரையில நின்னாரு. பொட்டலத்தப் பாத்தாரு. "யாரு?"ன்னு கேட்டாரு.

அபோண்டி அவரு மொகத்துக்கு நேரா நிமுந்து பாத்து, "வசோங்கா"ன்னா.

அவரு பொட்டலத்தப் பிரிச்சுப் பாக்கல. பிரிச்சுப் பாத்திருந்தா அவருக்குத் தெரிஞ்சிருக்கும், கால் ஒடஞ்சப்ப மூங்கில் வச்சுக் கட்டுனவரே அவருதான். "அப்ப அவன் ஆத்தாகிட்டக் கொண்டுபோ"ன்னு மட்டும் சொன்னாரு.

நானும் கூடப் போனேன். தோர்சிலா முத்தத்துல ஒமேனா காயப்போட்டுக்கிட்டு இருந்தா, நம்ம நெத்திலி மாதிரி மீனு. சைக்கிள் சத்தம் கேட்டதும் கையில இருந்த சொளகக் கீழ வச்சா.

"யாரு?"

"உங்க மவன், அத்தே."

கெழவி பாயப் பிரிச்சா. பாக்கல, கண்ணு அவ்வளவாத் தெரியாது அவளுக்கு, கையாலதான் தடவுனா. தலையில இருந்து ஆரம்பிச்சு, தோளு, கை, இடுப்பு, பெத்த பிள்ளையக் குளிப்பாட்டுத மாதிரி ஒவ்வொண்ணாத் தடவிட்டு வந்தா. எடது காலுக்கு வந்ததும் கை நின்னுபோச்சு. அந்த முடிச்சு மேலேயே வெரலு நின்னுச்சு.



"இது எப்ப ஒடஞ்சுது?"ன்னு கெழவி மெதுவாக் கேட்டா.

அபோண்டி பொய் சொல்லியிருக்கலாம். தண்ணியில ஒடஞ்சுதுன்னு சொல்லியிருக்கலாம். "எட்டு வருசமாச்சு அத்தே"ன்னா.

"யாரு எண்ணெ போட்டு விட்டது?"

"நான்தான்."

கெழவி கைய எடுக்கல. வீட்டுக்குள்ள மூடி வச்ச தட்டு இருந்துச்சு, எளையவன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்னுக்கிட்டு இருந்தான், ரெண்டு பக்கமும் ஒருதரம் மொகத்தத் திருப்புனா. அவ ஒரு வார்த்தை சொன்னா அபோண்டி திரும்ப அந்தச் சைக்கிளத் தண்ணிக்குத் தள்ளணும். சொல்லலைன்னா அவ மவன் அன்னைக்கோட செத்தவன். அக்கரை, கரை சேந்தது, ஒரு நாள் வருவான், எல்லாம் முடிஞ்சுபோச்சு.

"நல்லாத்தான் சேந்திருக்கு"ன்னா கெழவி. "நல்லா நீவி விட்டிருக்க."

பொறவு எந்திரிச்சு நின்னு, தலைத்துணிய உருவிப் போட்டு, ஏழு வீட்டுக்குக் கேக்க, "என் மவன் வந்துட்டான்! வசோங்கா வந்துட்டான்!"ன்னு கதறுனா. அது நடிப்பு இல்ல. அவ மவனுக்குத்தான் அழுதா, மூணு வருசமா அழ மாட்டேன்னு வச்சிருந்த அழுகை. பக்கத்துல அபோண்டி அவ புருசனுக்கு அழுதா. ஒரே பொட்டலத்த நடுவுல வச்சு ரெண்டு பேரும் ரெண்டு பேருக்கு அழுதாங்க, வந்து கூடுன ஜனத்துக்கு ஒரு சாவுக்கு ஒரு அழுகைன்னுதான் கேட்டுச்சு.

மூணாம் நாளு அடக்கம். அன்னைக்கு உச்சி வெயில்ல ஏரி எந்திரிக்கல, அதுக்குப் பொறவு எந்திரிக்கவும் இல்ல. யாரும் திரும்பிக்கூடப் பாக்கல, எல்லாருக்கும் அடக்க வேலை இருந்துச்சு. மாடடிச்சாங்க. காளைகளை ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போயி சாவை வெரட்டிட்டு வந்தாங்க. ரண்டிகாவும் வந்திருந்தாரு, ரெண்டு துறைக்கும் மூத்தவருங்கதால அவருதான் மொத மண்ணு போடணும்.

அபோண்டி கூட்டத்துக்குப் பின்னால, எங்க வரிசையில, பக்கத்துத் துறைக்காரியா நின்னா. புருசன் குழிக்குப் பத்தடி தள்ளி, யாரோ ஒருத்தியா. மொகத்துல ஒண்ணும் காட்டல. என் கைய மட்டும் வெரல் வலிக்கப் புடிச்சிருந்தா.

குழிக்குள்ள எறக்கப் போகையில தோர்சிலா கைய ஒசத்துனா. "நில்லுங்க. என் மவன் கல்யாணம் ஆகாமப் போனவன். தலைமாட்டுல உக்கார ஆளு இல்லாம நான் அனுப்ப மாட்டேன்"ன்னா. ஜனத்த வெலக்கிக்கிட்டு, கண்ணு சரியாத் தெரியாதவ, கையால ஒவ்வொருத்தியாத் தொட்டுத் தொட்டு வந்து, அபோண்டி கையப் புடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போயி தலைமாட்டுல உக்கார வச்சா.

கூட்டம் முணுமுணுத்துச்சு. தன் புருசனப் பொதச்சவ இன்னொருத்தன் தலைமாட்டுல உக்காந்து யாரு பாத்திருக்கா? எளையவன் கூட, "யம்மா, என்ன செய்யுத"ன்னான்.

"கொண்டாந்து சேத்தவ அவதான். உக்காரட்டும்"ன்னா கெழவி.

எல்லாரும் ரண்டிகாவப் பாத்தாங்க. அவரு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அபோண்டி எந்திரிச்சிரணும். அவரு மம்பட்டியப் புடிச்சபடி, குனிஞ்ச தலை நிமுராம நின்னாரு. அபோண்டியும் நிமுரல. அவ எட்டி நீட்டுன கை பொட்டலத்துக்கு மேல, சரியா எடது முழங்காலு இருக்க வேண்டிய எடத்துல இருந்துச்சு, அவரு கண்ணும் அங்கதான் இருந்துச்சு.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா, அந்தப் பொண்ணுக்குக் காத்து வரட்டும்"ன்னாரு ரண்டிகா. பொறவு மண்ண மெதுவாப் போட்டாரு.